எட்டு நிமிடத்தில் சேதி, இரண்டு நாளில் அலை

2024 மே 10 அட்சய திருதியை. வெள்ளிக்கிழமையும் சேர்ந்துகொண்டதில் கடலூர் நகைக்கடைகளில் இரவு வரை கூட்டம் குறையவில்லை. நெல்லிக்குப்பம், பண்ருட்டிப் பக்கம் அக்னி நட்சத்திரப் புழுக்கம் தாளாமல் பாயைச் சுருட்டிக்கொண்டு மொட்டை மாடிக்கு ஏறும் நேரம், மணி பத்தரை இருக்கும். அப்போதுதான் பூமியின் காந்தப்புலம் ஒரு துள்ளு துள்ளியது. ஏதோ ஓர் ஊரில் மட்டுமல்ல, உலகம் முழுவதும் ஏறத்தாழ ஒரே நேரத்தில். மாடியில் படுத்திருந்தவர்களுக்கு ஒன்றும் தெரியவில்லை, தெரியவும் முடியாது. லடாக்கின் ஹான்லே வான் ஆய்வகக் கேமராக்களில் மட்டும் அடிவானம் குங்குமச் சிவப்பாகப் பதிவானது. துருவப் பிரதேசங்களில் தெரிய வேண்டிய ஒளி இந்திய எல்லைக்குள் தெரிந்தது. 2003-க்குப் பிறகு அவ்வளவு கடுமையான காந்தப் புயல் வந்ததில்லை.

அன்றிரவு பூமியில் வந்து மோதியது ஓர் அதிர்ச்சி அலை. 13664 என்று எண்ணிடப்பட்ட கரும்புள்ளிக் கூட்டம் மே 8 முதல் ஒன்றன்பின் ஒன்றாக வீசிய பிளாஸ்மா மேகங்கள் அந்த அலையைத் தள்ளிக்கொண்டு வந்தன. சூரியனிலிருந்து இங்கே 15 கோடி கிலோமீட்டர். ஒளியும் ரேடியோ அலையும் இந்தத் தூரத்தை எட்டே கால் நிமிடத்தில் கடந்துவிடும். அதிர்ச்சி அலைக்கு ஒரு நாள், இரண்டு நாள், சில சமயம் மூன்று நாள்கூட ஆகும். இந்த இடைவெளி நமக்குப் பெரிய சலுகை. அலை கிளம்பிய கணத்தில் அதுவே போடும் ரேடியோ இரைச்சல் முதலில் வந்து சேர்ந்துவிடுகிறது. அலை பிறகு சாவகாசமாக வருகிறது.

இந்த அலையின் புறப்பாட்டைக் கேட்கவும், பயணத்தைப் பின்தொடரவும், வருகையைப் பதியவும் தனித்தனிக் கருவிகள் வேண்டும். மூன்றும் தென்னிந்தியாவில் அமைந்தன. அவற்றில் ஒன்று சிதம்பரத்தின் வாசலிலேயே இருந்தது. நெல்லிக்குப்பத்திலிருந்து பஸ் ஏறினால் இரண்டு மணி நேரத்துக்குள் போய்விடலாம்.

முதலில் அலை என்றால் என்ன என்று பார்ப்போம். கடலூர் முதுநகர்த் துறைமுகத்திலிருந்து உப்பனாற்று வழியே கடலுக்குப் போகும் ஃபைபர் படகைக் கவனியுங்கள். மெதுவாகப் போகும்போது அதன் முன்னால் சிற்றலைகள் தாமாக ஓடிப் பரவிவிடும். எஞ்சினை முறுக்கினால், தண்ணீரில் அலை பரவும் வேகத்தைப் படகு மிஞ்சும். விலகிப்போக நேரம் கிடைக்காத தண்ணீர் படகின் மூக்கில் குவிந்து, இரு பக்கமும் ஆப்பு வடிவில் ஒரு வரப்பாக எழும். அதிர்ச்சி அலை என்பது சாரத்தில் அதுதான்: ஊடகத்துக்குச் சேதி போவதற்கு முன் தள்ளுகிற பொருள் போய்விடுகிறது.

சூரியனைச் சுற்றியுள்ள கொரோனா 10 லட்சம் டிகிரிக்கும் மேலான வெப்பத்தில் கிடக்கும் மெல்லிய பிளாஸ்மா. (பெருந்தொற்றுக்குப் பிறகு இந்தப் பெயரைச் சொன்னாலே முகம் சுளிக்கிறார்கள். வானியலுக்கு இது பழைய சொத்து.) அங்கே தடங்கல்கள் பரவுவதற்கு ஒரு வேக வரம்பு உண்டு. காந்தப்புலமும் சேர்ந்து தீர்மானிக்கும் அந்த வேகம் இடத்துக்கு இடம் மாறும், பெரும்பாலும் விநாடிக்குச் சில நூறு கிலோமீட்டர். காந்த முடிச்சு அவிழ்ந்து கோடிக்கணக்கான டன் பிளாஸ்மா வெளியே எறியப்படும்போது, அதன் வேகம் விநாடிக்கு ஆயிரம், இரண்டாயிரம் கிலோமீட்டரைத் தொடும். கொரோனாப் பொருள் வீச்சு என்று இதற்குப் பெயர். ஆய்வாளர்கள் பேச்சில் வெறும் சி.எம்.இ. அதன் முகப்பில் அதிர்ச்சி அலை கட்டுகிறது.

ஒரு விசித்திரம் இருக்கிறது. தண்ணீரிலும் காற்றிலும் மூலக்கூறுகள் ஒன்றையொன்று இடித்துக்கொள்வதால்தான் தள்ளல் கைமாறுகிறது. கொரோனாவிலும் அதற்கப்பாலும் துகள்கள் அவ்வளவு தள்ளித்தள்ளி இருப்பதால் மோதல் என்பதே அபூர்வம். ஆனாலும் அலை கட்டுகிறது. மின்புலமும் காந்தப்புலமுமே அங்கே மோதலின் வேலையைச் செய்கின்றன. மோதலில்லாத அதிர்ச்சி அலை என்று இதை அழைக்கிறார்கள். இது எப்படி முழுமையாக இயங்குகிறது என்பது இன்றும் பிளாஸ்மா இயற்பியலின் சூடான துறைகளில் ஒன்று.

இனி ரேடியோ. அலையின் முகப்பில் மாட்டும் எலெக்ட்ரான்களில் சில வேகம் பெற்று முன்னால் பாய்கின்றன. பாயும்போது சுற்றியுள்ள பிளாஸ்மாவை அதிர வைக்கின்றன. பிளாஸ்மாவுக்கு ஒரு சொந்த அதிர்வெண் உண்டு. எலெக்ட்ரான்களைச் சற்று நகர்த்திவிட்டால் அயனிகள் அவற்றைத் திரும்ப இழுக்கும், அவை தாண்டிப் போகும், மீண்டும் இழுபடும். இந்த ஊசலாட்டத்தின் ஒரு பகுதி ரேடியோ அலையாக மாறி வெளியேறுகிறது. இதில் நமக்குக் கிடைத்த வரம் என்னவென்றால், அந்த அதிர்வெண் ஒரே ஒரு சங்கதியைத்தான் சார்ந்திருக்கிறது: எலெக்ட்ரான்கள் எவ்வளவு அடர்த்தியாக இருக்கின்றன என்பதை. ஒரு கன சென்டிமீட்டரில் எத்தனை எலெக்ட்ரான் என்று எண்ணி, அதன் வர்க்கமூலத்தை 9-ஆல் பெருக்கினால் அதிர்வெண் கிலோஹெர்ட்ஸில் வந்துவிடும். காந்தப்புலம், வெப்பம், வேகம் எதுவும் இதில் தலையிடுவதில்லை.

சூரியனை விட்டு விலக விலக அடர்த்தி குறையும். எனவே வெளியே ஓடும் அலை எழுப்பும் இரைச்சலின் அதிர்வெண்ணும் இறங்கிக்கொண்டே போகும்.

போட்டுப் பார்த்துவிடலாம். 93.5 மெகாஹெர்ட்ஸை எடுத்துக்கொள்வோம். தமிழ்நாட்டில் எஃப்எம் கேட்பவர்களுக்குப் பழக்கப்பட்ட எண் (அந்த நிலையத்தின் பெயரும் சூரியன் என்பது தற்செயல்). 93,500 கிலோஹெர்ட்ஸை 9-ஆல் வகுத்து வர்க்கப்படுத்தினால், கன சென்டிமீட்டருக்கு ஏறக்குறைய 10.8 கோடி எலெக்ட்ரான். கொரோனாவின் அடர்த்தி உயரத்துக்கு ஏற்ப எப்படிக் குறைகிறது என்பதற்கு 1961-இல் கார்டன் நியூகிர்க் கொடுத்த சூத்திரம் இன்றும் புழக்கத்தில் இருக்கிறது. அதன்படி இந்த அடர்த்தி இருப்பது சூரியப் பரப்பிலிருந்து சுமார் 1.9 லட்சம் கிலோமீட்டர் உயரத்தில். 40 மெகாஹெர்ட்ஸுக்கு அதே கணக்கைப் போட்டால் 4.3 லட்சம் கிலோமீட்டர் வருகிறது. இரைச்சல் 93.5-லிருந்து 40-க்கு இறங்க ஐந்து நிமிடம் எடுத்துக்கொண்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். 300 விநாடியில் 2.4 லட்சம் கிலோமீட்டர், அதாவது விநாடிக்கு 800 கிலோமீட்டர். கண்ணால் பார்க்காத ஒன்றின் வேகம், ஒரு காகிதத் துண்டில்.

இது ரொம்பச் சுலபமாக இருக்கிறதே என்று தோன்றினால், தோன்றியது சரிதான். இந்தக் கணக்கின் பலவீனம் நடுவில் வந்த அந்தச் சூத்திரத்தில் இருக்கிறது. கொரோனா எல்லா நாளும் எல்லாத் திசையிலும் ஒன்றுபோல் இருப்பதில்லை. அடர்த்தியான ஒரு தாரை வழியே அலை போனால் உயரக் கணக்கு தவறும், அதோடு வேகமும் தவறும். இன்னொரு வில்லங்கமும் உண்டு. பிளாஸ்மா தன் சொந்த அதிர்வெண்ணில் மட்டுமல்லாமல் அதன் இரு மடங்கிலும் ஒலிபரப்பும். நிறமாலையில் இரண்டு கோடுகளும் சேர்ந்து தெரிந்தால் பிரச்சினை இல்லை. ஒன்று மட்டும் தெரிந்து, அது மேல் கோடா கீழ்க் கோடா என்று பிடிபடாவிட்டால் அடர்த்தி நான்கு மடங்கு பிசகும். ரேடியோ ஆய்வுக் கட்டுரைகளில் வேகத்துக்கு ஒரே எண்ணைப் போட்டு நிறுத்தியிருந்தால் நான் கொஞ்சம் சந்தேகத்தோடுதான் படிப்பேன்.

சூரியன் ரேடியோ அலை வீசுகிறது என்பதே போர்க்காலத்தில் தற்செயலாகத் தெரியவந்தது. 1942 பிப்ரவரி இறுதியில் பிரிட்டிஷ் ராணுவ ராடார்கள் பல இடங்களில் ஒரே சமயம் இரைச்சலில் மூழ்கின. ஜெர்மானியர்களின் சதி என்று சந்தேகித்தார்கள். அந்த மாதம்தான் ஜெர்மன் போர்க்கப்பல்கள் ராடாரைக் குழப்பிவிட்டு ஆங்கிலக் கால்வாயைக் கடந்திருந்தன, ஆகவே சந்தேகம் நியாயமானது. விசாரிக்க அமர்த்தப்பட்ட ஜேம்ஸ் ஸ்டான்லி ஹே, இரைச்சல் வரும் திசை சூரியனோடு சேர்ந்து நகர்வதைக் கண்டுபிடித்தார். அன்று சூரியனின் நடுவே பெரிய கரும்புள்ளிக் கூட்டம் ஒன்று இருந்தது.

அதிர்வெண் இறங்கும் இரைச்சலை முதலில் பிடித்தது ஆஸ்திரேலியா. 1947 மார்ச் 8 அன்று சிட்னிக்கு அருகே டோவர் ஹைட்ஸில் ரூபி பெய்ன்-ஸ்காட், டொனால்ட் யாப்ஸ்லி, ஜான் போல்ட்டன் மூவரும் 200, 100, 60 மெகாஹெர்ட்ஸ் என மூன்று அலைவரிசைகளில் சூரியனைக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். பெரிய வெடிப்பு ஒன்று முதலில் 200-இல் வந்தது. சில நிமிடம் கழித்து 100-இல், இன்னும் சில நிமிடம் கழித்து 60-இல். ஏதோ ஒன்று விநாடிக்குச் சில நூறு கிலோமீட்டர் வேகத்தில் கொரோனாவுக்குள் மேலேறிப் போகிறது என்று அவர்கள் சரியாக ஊகித்தார்கள். பெய்ன்-ஸ்காட் ரேடியோ வானியலின் முதல் பெண். மணமான பெண்களுக்கு நிரந்தர அரசு வேலை கிடையாது என்ற அக்கால விதியால், தனக்குத் திருமணமானதையே ஆண்டுக்கணக்கில் மறைத்து வேலை பார்த்தார். விஷயம் வெளியானதும் நிரந்தரப் பணி போயிற்று. 1951-இல், குழந்தை பிறக்கவிருந்த நேரத்தில், துறையை விட்டே விலகினார். எஞ்சிய வாழ்நாளில் அவர் பெரிய ரேடியோ ஆய்வு எதுவும் செய்யவில்லை. இழந்தது வானியல்தான்.

அவர் வேலை பார்த்த அதே ஆய்வகத்தின் பால் வைல்ட் 1950-இல் சூரிய வெடிப்பிரைச்சல்களை ஒன்று, இரண்டு, மூன்று என்று வகைப்படுத்தினார். மெதுவாக இறங்குவது இரண்டாம் வகை, அதுதான் அதிர்ச்சி அலை. மூன்றாம் வகை சில விநாடிகளில் மொத்தமாக இறங்கிவிடும். அது ஒளியின் வேகத்தில் மூன்றில் ஒரு பங்குவரை பாயும் எலெக்ட்ரான் தாரைகளின் வேலை. அலையைத் தள்ளுவது எது என்பது அப்போது யாருக்கும் தெரியாது. சி.எம்.இ.-யை விண்ணிலிருந்து முதன்முதலில் கண்டது 1971 டிசம்பரில். ஏறத்தாழ கால் நூற்றாண்டு காலம் விளைவு மட்டும் காதில் விழுந்துகொண்டிருந்தது, காரணம் கண்ணில் படவில்லை.

1953 முதல் இரண்டாண்டு காலம் அந்த ஆஸ்திரேலிய ஆய்வகத்தில் பயிற்சி பெற்ற இந்தியர் ஒருவர் உண்டு: கோவிந்த் ஸ்வரூப். பிறகு அமெரிக்கா போய், ஆலன் மேக்ஸ்வெல்லுடன் சேர்ந்து, இறங்கிவிட்டுத் திரும்ப ஏறும் யூ வடிவ சூரிய வெடிப்பிரைச்சலைக் கண்டு 1958-இல் வெளியிட்டார். ஊட்டித் தொலைநோக்கி அவர் கட்டியது. அதற்குப் பிறகு வருகிறேன்.

புறப்பாட்டைக் கேட்கும் இடம் கௌரிபிதனூர். பெங்களூருவுக்கு வடக்கே நூறு கிலோமீட்டர் அளவில் இருக்கிறது, ஆந்திர எல்லைக்கு அருகில். இந்திய வானியற்பியல் நிறுவனம் அங்கே 1997-இல் ஒரு ரேடியோ ஹீலியோகிராஃபை இயக்கத் தொடங்கியது. பார்ப்பதற்குப் பழைய தூர்தர்ஷன் காலத்து ஆன்டெனாக்களை டி வடிவத்தில் பொட்டலில் நட்டு வைத்ததுபோல் தெரியும். 40 முதல் 120 மெகாஹெர்ட்ஸ் வரை சூரியனைப் படம் பிடிக்கும். சி.வி. சாஸ்திரி வழிவந்த குழு, பிறகு ஆர். ரமேஷ் தலைமையில் பல ஆண்டுகள் இதை வளர்த்தது. மேலே சொன்ன பலவீனத்துக்கு இதுதான் மருந்து. இரைச்சல் எந்த அதிர்வெண்ணில் வருகிறது என்பதோடு எந்த இடத்திலிருந்து வருகிறது என்பதும் படத்தில் தெரிந்தால், உயரத்துக்கு நியூகிர்க் சூத்திரத்தை நம்பியிருக்க வேண்டாம். எதிர்த்திசையில் கணக்குப் போட்டுக் கொரோனாவின் அடர்த்தியையே அளந்துவிடலாம்.

அவர்களுடைய தலைவலி 88 முதல் 108 மெகாஹெர்ட்ஸ் வரையிலான எஃப்எம் பட்டை. அலை கட்டத் தொடங்கும் உயரத்தின் அதிர்வெண்ணும் அதுவே. திரைப்பாட்டும் விளம்பரமும் ஓடும் அதே பட்டையில்தான் சூரியனின் சேதியும் வர வேண்டியிருக்கிறது. ஒவ்வொரு நகரிலும் ஒரு நிலையம் கூடினால் நிறமாலையில் ஒரு கோடு பாழ்.

தரையிலிருந்து கேட்பதற்கு இன்னொரு எல்லை வானமே போட்டது. சுமார் 10 மெகாஹெர்ட்ஸுக்குக் கீழே உள்ள அலைகளை அயனி மண்டலம் உள்ளே விடாது. சிற்றலை வானொலி தூர தேசத்துக்குப் போவது எந்தக் கூரையில் பட்டுத் திரும்பியோ, அதே கூரைதான் சூரியனின் தாழ் அதிர்வெண்களையும் வெளியே நிறுத்துகிறது. ஆகவே, அலை சூரிய ஆரத்தைப்போல் இரண்டு மூன்று மடங்கு தூரம் போனதும் தரைக் கருவிகளின் காது அடைத்துவிடுகிறது. அதற்கப்பால் விண்கலம் வேண்டும். 1994 நவம்பர் 1-இல் ஏவப்பட்ட நாசாவின் விண்ட் கலம் 14 மெகாஹெர்ட்ஸிலிருந்து கிலோஹெர்ட்ஸ் வரை கேட்கிறது. பூமிக்கு அருகே சூரியக் காற்றின் அடர்த்தி கன சென்டிமீட்டருக்கு ஐந்து எலெக்ட்ரான் அளவு. சூத்திரத்தில் போட்டால் 20 கிலோஹெர்ட்ஸ். அலை வாசலுக்கு வரும்போது அதன் குரல் அவ்வளவு கனத்துப்போயிருக்கும்.

விண்ட் பதிவுகளை வைத்து நிறைய எழுதியவர் நாட் கோபால்சாமி. பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தில் முனைவர் பட்டம் வாங்கிப் பிறகு நாசாவின் கோடார்ட் மையத்துக்குப் போனவர். 2001-இல் அவரும் சகாக்களும் ஒரு விபரீதத்தைக் காட்டினார்கள். மெதுவாகப் போன சி.எம்.இ. ஒன்றைப் பின்னால் கிளம்பிய வேகமான ஒன்று எட்டிப் பிடித்து விழுங்கியது. அந்தக் கணத்தில் நீண்ட அலைநீளத்தில் இரைச்சல் பட்டென்று ஓங்கியது. அதிர்ச்சி அலை அடர்த்தியான பொருளுக்குள் நுழைந்ததன் அடையாளம் அது. 2024 மே போன்ற புயல்களில், அடுத்தடுத்துக் கிளம்பிய மேகங்கள் வழியில் ஒன்றோடொன்று சேர்ந்துகொள்வதுதான் கணிப்பாளர்களைத் திணறடிக்கிறது.

இப்போது ஊட்டி. முத்தோரையில், நீலகிரிச் சரிவு ஒன்றில், 530 மீட்டர் நீளமும் 30 மீட்டர் அகலமுமாக ஒரு வாய்க்கால்போல் அந்தத் தொலைநோக்கி கிடக்கிறது. 24 பரவளைய எஃகுச் சட்டங்கள், அவற்றின் மேல் நீளவாக்கில் இழுத்துக் கட்டிய 1,100 மெல்லிய துருப்பிடிக்காத எஃகுக் கம்பிகள். தகடு கிடையாது, கம்பிகளே கண்ணாடி. ஸ்வரூப் தேடியது சாதாரணச் சரிவு அல்ல. அந்த இடத்தின் அட்சரேகை 11 டிகிரி சொச்சம், சரிவும் வடக்கு-தெற்காக அதே 11 டிகிரி சொச்சம். இரண்டும் ஒத்துப்போனால் தொலைநோக்கியின் நீள அச்சு பூமியின் சுழல் அச்சுக்கு இணையாகிவிடும். பிறகு வானத்தில் ஒரு மூலத்தைப் பின்தொடர அந்த ஒரே அச்சில் மெதுவாகப் புரட்டினால் போதும், ஒன்பதரை மணி நேரம் விடாமல் பார்க்கலாம். பூமத்தியரேகைக்கு அருகில் இருக்கிற நாட்டுக்கு மட்டும் வாய்க்கும் வசதி இது. இதை ஒரு குறையாக நினைக்காமல் வடிவமைப்பாக மாற்றியது பெரிய மூளை. 1970-இல் வேலை முடிந்தது. கட்டியது முழுக்க இங்குள்ளவர்கள்.

326.5 மெகாஹெர்ட்ஸில் இயங்கும் இதற்கு அதிர்ச்சி அலை எழுப்பும் இரைச்சல் தேவையே இல்லை. அது செய்வது வேறு. தொலைதூரக் குவாசர்கள் போன்ற சிறிய ரேடியோ மூலங்களின் அலை நம்மிடம் வருமுன் சூரியக் காற்றைக் கடக்கிறது. அந்தக் காற்றின் முண்டும் முடிச்சும் அலையைச் சிதற அடிப்பதால், மூலம் விநாடிக்கு விநாடி மினுங்குகிறது. கேம்பிரிட்ஜில் ஆன்டனி ஹியூஷ் குழு 1964-இல் அறிவித்த நிகழ்வு இது. (இதை ஆராயக் கட்டிய ஆன்டெனாவில்தான் 1967-இல் ஜோசலின் பெல் முதல் பல்சரைக் கண்டார்.) பார்வைக் கோட்டின் குறுக்கே அதிர்ச்சி அலையும் அதன் பின்னால் நெருக்கி அடைந்த பிளாஸ்மாவும் போகும்போது மினுக்கல் திடீரென்று கூடும். அலை தாண்டியதும் தணியும். ஒரு மூலத்தைப் பார்த்தால் ஒரு கோடு. நாளொன்றுக்கு நூற்றுக்கணக்கான மூலங்களைப் பார்த்தால் சூரியனுக்கும் பூமிக்கும் இடையிலான வெற்றுவெளியின் வரைபடம் தயார். மினுக்கலின் தாளத்திலிருந்து காற்றின் வேகத்தையும் கறந்துவிடலாம்.

பி.கே. மனோகரன் ஊட்டியில் பல்லாண்டுகள் இந்த வேலையைச் செய்தவர். 2006-இல் அவர் வெளியிட்ட ஆய்வு, பெரிய சி.எம்.இ.-கள் முப்பதை சோஹோ விண்கலப் படங்களிலும் ஊட்டி வரைபடங்களிலும் சேர்த்துப் பின்தொடர்ந்தது. சூரிய ஆரத்தைப்போல் 80 மடங்கு தூரம் வரை, அதாவது ஐந்தரைக் கோடி கிலோமீட்டர் வரை, மேகம் தன் உள்ளிருக்கும் சக்தியில் விரிந்தபடி ஓடுகிறது. அதற்கப்பால் சூழ்ந்திருக்கும் சூரியக் காற்று ஓட்டுநர் இருக்கையில் ஏறிவிடுகிறது: வேகமானதை இழுத்துப் பிடிக்கும், மெதுவானதை உந்திவிடும். கிளம்பிய வேகத்தை மட்டும் வைத்து வருகை நேரம் சொன்னால் ஏன் தவறுகிறது என்பதற்கு இங்கே விடை இருக்கிறது. என்னைக் கேட்டால், சூரிய ஆய்வில் இந்தியா செய்தவற்றில் பொதுப் பேச்சில் மிகக் குறைவாக அடிபடுவது ஊட்டியின் இந்தப் பணிதான். ராக்கெட் கிளம்பினால் தொலைக்காட்சி வருகிறது. கம்பிகளுக்கு யார் வருவார்கள்?

அலை பூமியை நெருங்கும்போது 15 லட்சம் கிலோமீட்டர் முன்னால் ஆதித்யா-எல்1 இருக்கிறது. 2023 செப்டம்பர் 2-இல் கிளம்பி 2024 ஜனவரி 6-இல் தன் பாதையில் அமர்ந்த கலம். அதன் ஏழு கருவிகளில் ரேடியோ வாங்கி கிடையாது. அலையைக் கேட்பதில்லை, அலை தன்னைக் கடக்கும்போது காந்தமானியாலும் துகள் அளவிகளாலும் தொட்டுப் பார்க்கிறது. விநாடிக்கு 700 கிலோமீட்டரில் வரும் அலைக்கு அங்கிருந்து இங்கே 36 நிமிடம்.

வருகையைப் பதிந்த இடம் அண்ணாமலைநகர்.

1957-58 சர்வதேசப் புவி இயற்பியல் ஆண்டையொட்டி, சிதம்பரத்தை அடுத்த அண்ணாமலைநகரில் ஒரு காந்த ஆய்வகம் தொடங்கியது. திருவனந்தபுரம், கொடைக்கானல், அண்ணாமலைநகர், வடக்கே போனால் மும்பைக்கு அருகே அலிபாக் என்று ஒரு சங்கிலி. ஏன் இங்கே? காந்த நடுக்கோடு தமிழகத்தின் தென்கோடியைத் தொட்டுப் போகிறது. அந்தக் கோட்டின் மேல், சுமார் நூறு கிலோமீட்டர் உயரத்தில், பகலில் மட்டும் கிழக்கு நோக்கி ஒரு மின்னோட்டம் பாய்கிறது. நிலநடுக்கோட்டு மின்தாரை என்று பெயர். தெற்கிலிருந்து வடக்கே நிலையம் நிலையமாக அளந்துகொண்டே வந்தால் தாரையின் அகலமும் வலுவும் பிடிபடும். திருவனந்தபுரத்தில் வலுவாகத் தெரிவது சிதம்பரத்தில் குன்றி, அலிபாக்கில் இல்லாமலே போகும்.

அக்காலத்துக் காந்தப் பதிவுக் கருவி எளிமையானது, ஆனால் மகா தொட்டாற்சுருங்கி. இழையில் தொங்கும் சிறு காந்தம், அதில் ஒட்டிய கண்ணாடி, கண்ணாடியில் பட்டுத் திரும்பும் ஒளிப்புள்ளி, ஒரு நாளுக்கு ஒரு சுற்று சுற்றும் உருளையில் புகைப்படத் தாள். அறையில் இருட்டு. கட்டடத்தில் இரும்பு ஆணி கூடாது. அளக்க உள்ளே போகிறவர் சாவிக்கொத்தை வெளியே வைத்துவிட்டுப் போக வேண்டும். பம்பாயில் டிராம் மின்சாரத்துக்கு மாறப்போகிறது என்றதும் கொலாபா ஆய்வகத்தின் காந்தக் கருவிகளுக்கு 1904-இல் அலிபாக்கில் இடம் பார்த்தது இந்தக் கூச்ச சுபாவத்தால்தான். அந்தக் கொலாபாதான் 1859 செப்டம்பர் மாபெரும் சூரியப் புயலை அளந்தது. சூரியனில் வெடிப்பைக் கண்ட பதினேழரை மணி நேரத்தில் அலை வந்துசேர்ந்த புயல் அது. கொலாபாவில் காந்தப்புலம் 1,600 நானோடெஸ்லா அளவுக்கு விழுந்தது.

தாளைக் கழுவி எடுத்தால் ஒரு கோடு. காலையில் மெல்ல ஏறி, உச்சி வேளைக்குச் சற்று முன் உச்சம் தொட்டு, மாலையில் இறங்கும். அமைதியான நாளில் அவ்வளவுதான். அலை வந்து மோதிய நாளில் கோட்டின் நடுவே ஒரு படிக்கட்டு. சில நிமிடங்களில் பத்துக்கணக்கான நானோடெஸ்லா மேலே தாவியிருக்கும். பூமியின் காந்தக் கூடாரத்தை அலை வெளியிலிருந்து நெருக்குவதால் உள்ளே புலம் சற்று ஓங்குகிறது. இங்குள்ள மொத்தப் புலம் சுமார் 40,000 நானோடெஸ்லா. அதில் ஐம்பது என்பது கால் சதவீதத்துக்கும் கீழே. ஆனால் அலை பகலில் வந்தால், மேலே ஓடும் மின்தாரை அந்தத் தாவலைப் பெருக்கிக் காட்டும். வட இந்திய நிலையத்தில் சின்னதாகத் தெரியும் படி தெற்கில் உயரமாக இருக்கும். சூரிய அலையின் வருகையைத் துல்லியமாகக் குறிக்கத் தென்தமிழகம் நல்ல இடம் என்பது இதனால். 2024-இல் அலை நம் இரவு பத்தரைக்கு வந்ததால் தாரை அப்போது ஓய்ந்திருந்தது.

பின்னாளில் இந்தப் பகுதியின் பதிவுப் பணி புதுச்சேரிக்குப் போனது. நடுக்கோட்டின் கவனிப்பு நெல்லைப் பக்கம், இந்தியப் புவிக்காந்தவியல் நிறுவனத்தின் ஆய்வகத்தில் நடக்கிறது.

இத்தனை இருந்தும், புயல் எவ்வளவு கடுமையாக இருக்கும் என்ற ஒரு கேள்விக்கு ரேடியோவிடம் பதில் இல்லை. அலையோடு வரும் காந்தப்புலம் வடக்குப் பார்த்திருந்தால் பூமியின் கூடாரம் பெரும்பாலும் தாக்குப்பிடிக்கும். தெற்குப் பார்த்திருந்தால் கதவு திறந்துகொள்ளும். 1989 மார்ச்சில் கனடாவின் கியூபெக் மாகாணத்தில் 60 லட்சம் பேரை ஒன்பது மணி நேரம் இருட்டில் தள்ளிய புயல் அப்படித் திறந்துகொண்டதுதான். புலம் எந்தப் பக்கம் பார்க்கிறது என்பது ஆதித்யா, விண்ட் போன்ற கலங்களை அலை தொடும்போதுதான் நிச்சயமாகத் தெரியும். இரண்டு நாள் எச்சரிக்கையில் கடைசி முக்கால் மணி நேரம்தான் உருப்படியானது என்று சொன்னால் சிலர் கோபித்துக்கொள்வார்கள். ஆனால் நிலைமை இன்று ஏறக்குறைய அப்படித்தான்.

பூமியைத் தாண்டிய அலை நிற்பதில்லை. 2012 மார்ச்சில் சூரியனில் நடந்த வெடிப்புகளின் அலை பதின்மூன்று மாதம் ஓடி வாயேஜர்-1 விண்கலத்தை எட்டியது. அப்போது அந்தக் கலம் சூரியனிலிருந்து 1,800 கோடி கிலோமீட்டருக்கு அப்பால் இருந்தது. அது சூரியக் காற்றின் எல்லையைத் தாண்டிவிட்டதா இல்லையா என்று அப்போது ஒரு சச்சரவு ஓடிக்கொண்டிருந்தது. பிளாஸ்மாவின் அடர்த்தியை அளந்தால் தீர்ந்துவிடும் வழக்கு, ஆனால் அதற்கான கருவி 1980-லேயே பழுதாகிவிட்டது. எஞ்சியது அதிர்வுகளைக் கேட்கும் ஆன்டெனா. 2013 ஏப்ரல் 9 முதல் ஆறு வாரம், அலை உசுப்பிவிட்ட பிளாஸ்மா 2.6 கிலோஹெர்ட்ஸில் முனகுவதை அது கேட்டது. அயோவா பல்கலைக்கழகத்தின் டான் கர்னெட் குழு வர்க்கமூலச் சூத்திரத்தைத் திருப்பிப் போட்டது: கன சென்டிமீட்டருக்கு 0.08 எலெக்ட்ரான். சூரியக் காற்றின் ஓரத்தில் இருக்க வேண்டியதைப்போல் ஏறக்குறைய நாற்பது மடங்கு. பழைய பதிவைக் கிளறியபோது 2012 அக்டோபர்-நவம்பரில் 2.2 கிலோஹெர்ட்ஸில் இன்னொரு மெல்லிய முனகல் கிடைத்தது. இரண்டுக்கும் இடையே அடர்த்தி ஏறிய வேகத்தைப் பின்னோக்கி நீட்டிப் பார்த்தால் எல்லை தாண்டிய நாள் 2012 ஆகஸ்டில் விழுந்தது. மற்றக் கருவிகள் துகள்களின் எண்ணிக்கையில் திடீர் மாற்றம் கண்ட தேதியோடு அது பொருந்தியதால், ஆகஸ்ட் 25 என்று பதிந்தார்கள்.